பிறந்ததும் நடுங்கிய குழந்தை: பத்தாம் மாதத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

ஈரோட்டிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: “விபத்தில் இடுப்பெலும்பு முறிந்து, கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்திலிருந்து பிரசவம் வரை தினமும் டிரமடால் மாத்திரை போட்டேன். பையன் பிறந்த இரண்டாம் நாள் கை கால் நடுங்கியது, வீல் வீலென்று அழுதான். பத்து நாள் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வைத்திருந்தார்கள். இப்போது அவனுக்குப் பத்து மாதம். ‘அந்த மாத்திரையால் புள்ள மந்தமாகிடும்’ என்கிறார்கள் மாமியார் வீட்டில். உண்மையா? அடுத்த குழந்தைக்கும் இப்படி ஆகுமா?”

முதலில் அந்த நடுக்கத்தைப் பார்த்துவிடலாம். டிரமடால் ஓபியாய்டு வகை (அபின் போல வேலை செய்யும்) வலி மருந்து. மார்ஃபின், கோடீன், ஹெராயின் எல்லாம் இதே வகைதான். தாய் போடுவது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும், அதன் உடம்பும் பழகிவிடும். தொப்புள்கொடியை வெட்டியதும் வரத்து சட்டென்று நின்றுவிடுகிறது. நடுக்கம், கீச்சுக்குரல் அழுகை, அடுக்குத் தும்மல், பால் குடிக்கத் திணறுவது, வயிற்றுப்போக்கு எல்லாம் அதனால் வருபவை. நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ அடங்கிவிடும். மூளை கெட்டுப்போனதற்கான அடையாளமாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மந்தமாகிவிடுமா என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் இப்படி நடுக்கத்தோடு பிறந்த 2,234 குழந்தைகளின் பள்ளித் தேர்வு மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தார்கள். மூன்றாம் வகுப்பிலேயே பின்தங்கியிருந்தார்கள். ஏழாம் வகுப்பில் இடைவெளி இன்னும் கூடியிருந்தது. ஆனால் இது போன்ற ஆய்வுகளில் வரும் தாய்மார் பலருக்குப் போதைப் பழக்கத்தோடு புகை, குடி, வறுமை எல்லாம் சேர்ந்தே இருக்கும். இதில் மருந்தின் பங்கு எவ்வளவு? ஜெருசலேமில் ஆய்வாளர் ஆஷர் ஓர்னாய் குழு இதைப் பிரித்துப் பார்க்க முயன்றது. ஹெராயின் பழக்கமுள்ள தாய்மாரின் குழந்தைகளில், சிறு வயதிலேயே தத்துப் போனவர்கள் மற்ற பிள்ளைகளைப் போலவே வளர்ந்தார்கள்; அந்த வீட்டிலேயே வளர்ந்தவர்கள் பின்தங்கினார்கள். சரி, வீடுதான் காரணம் என்று முடித்துவிடலாமா? நார்வேயில் கர்ப்பத்தில் போதைப்பொருள் பட்டு, ஒரு வயதுக்குள் நல்ல வளர்ப்புப் பெற்றோரிடம் போன குழந்தைகளும் அறிவுத்திறன் சோதனைகளில் சராசரியாகச் சற்றுக் குறைவாகவே இருந்தார்கள். வீட்டுக்குப் பெரிய பங்கு, மருந்துக்கும் ஒரு பங்கு என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

உங்கள் நிலைமைக்கு இவற்றைவிட நெருக்கமானது 2024-இல் வெளியான தென் கொரிய ஆய்வு. அங்கே பார்த்தது டாக்டர் சீட்டில் எழுதிக்கொடுத்த ஓபியாய்டுகளை. கணக்கில் வந்த குழந்தைகள் 31 லட்சம். மருந்து பட்ட குழந்தைகளுக்கு மனநல, நரம்பு வளர்ச்சிக் கோளாறுகள் வரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது. அதாவது, மற்றவர்களில் 100 பேருக்கு வந்தால் இவர்களில் 107 பேருக்கு. மிகச் சிறிய வித்தியாசம். ஆனால் 60 நாளுக்கு மேல் எடுத்தவர்களின் குழந்தைகளுக்கு அது ஏறத்தாழ இரு மடங்கு. நீங்கள் இந்தப் பிரிவில்தான் வருகிறீர்கள், மறைத்துப் பயனில்லை. இரு மடங்கு என்றாலும் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் வருவதில்லை. அதனால் மாமியார் வீட்டுத் தீர்ப்பை ஒதுக்கிவிட்டு, பையனைக் கவனியுங்கள்.

பத்து மாதத்தில் பிடிமானமில்லாமல் உட்கார வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப வேண்டும், ‘பாபா’, ‘தாதா’ என்று சத்தங்களை அடுக்க வேண்டும். தட்டில் சிந்திய ஒரு பருக்கையைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்த்து எடுக்கப் பார்க்கிறானா? எந்தப் பக்கம் பொருளை நீட்டினாலும் ஒரே கையைத்தான் நீட்டுகிறான் என்றால் “வலதுகைப் பழக்கம் வந்துருச்சு” என்று மகிழாதீர்கள். ஒரு வயதுக்கு முன் அது மற்ற கையின் பலவீனமாக இருக்கலாம். அப்புறம் கண். கர்ப்பத்தில் மெத்தடோன் (இதுவும் ஓபியாய்டுதான்) பட்ட குழந்தைகளுக்கு மாறுகண்ணும், கண்மணி தானாக ஆடுவதும் அதிகம் என்று கிளாஸ்கோவில் கண்டிருக்கிறார்கள். ஃப்ளாஷ் போட்டு நேராக எடுத்த போட்டோவில் வெளிச்சப்புள்ளி இரண்டு கருவிழியிலும் ஒரே இடத்தில் விழுகிறதா பாருங்கள். விலகியிருந்தால் கண் டாக்டரிடம் உடனே காட்டுங்கள்.

வளர்ச்சிப் பரிசோதனைக்கு உங்கள் மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையத்துக்குப் போகலாம், இலவசம். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டுபோய், டிரமடால் போட்டதை வாய்விட்டுச் சொல்லுங்கள். பல தாய்மார் இதை விழுங்கிவிடுகிறார்கள். டாக்டர் எதைத் தேடுவது என்று தெரியாமல் போகிறது. இப்போது எல்லாம் சரியாக இருந்தாலும் இரண்டு வயதில் பேச்சையும், இரண்டாம், மூன்றாம் வகுப்பில் கவனத்தையும் படிப்பையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். “ஒரு இடத்தில் உட்காரமாட்டேங்கறான்” என்று டீச்சர் சொன்னால் அடிக்காமல் அழைத்து வாருங்கள்.

இப்போதும் டிரமடால் போடுகிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. போட்டுக்கொண்டே தாய்ப்பால் கொடுப்பதாக இருந்தால் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். பாலூட்டும் தாய்மார் இதைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இலேயே எச்சரித்திருக்கிறது. நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அடுத்த குழந்தைக்கு இது தானாக வராது. மருந்து இருந்தால்தான் வரும். கருத்தரிப்பதற்கு முன்பே வலிக்கு வேறு வழி பார்த்துவிடுங்கள். ஒருவேளை மருந்து ஓடும்போதே கர்ப்பமானால் அப்போதும் சட்டென்று நிறுத்தக் கூடாது, வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு அது ஆபத்து. மகப்பேறு டாக்டரிடம் முதல் செக்கப்பிலேயே சொல்லிவிட்டால், குறைப்பதா மாற்று மருந்து தருவதா என்று அவர் முடிவு செய்வார். பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரியும் குழந்தையைச் சில நாள் கூடுதலாக வைத்துக் கவனிக்கத் தயாராக இருக்கும்.