கோரா, எக்ஸ்டெண்டட்டா?

வணக்கம் அம்மா. கோத்தகிரியில் மாநிலப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்பு முடிக்கும் தங்கள் மகளை உதகையில் ஐஜிசிஎஸ்இ (கேம்பிரிட்ஜின் பத்தாம் வகுப்பு நிலை சர்வதேசத் தேர்வு) பள்ளியில் சேர்க்கும்போது கணிதத்தில் எந்த நிலை, ஆங்கிலம் முதல் மொழியா இரண்டாம் மொழியா என்று கேட்டிருந்தீர்கள். கணிதத்தில் கோர் எனப்படும் அடிப்படைப் பிரிவை எடுத்தால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி தரத்துக்கு மேல் கிடைக்காது. எக்ஸ்டெண்டட் எனப்படும் விரிவான பிரிவில்தான் மிக உயர்ந்த தரமான ஏ ஸ்டார் வரை பெறலாம் என்பதால், மேல்நிலையில் கணிதம் படிக்கும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் அதிலேயே தொடங்கட்டும். திணறினால் பிறகு கோருக்கு இறங்கிக்கொள்ளலாம். பாதியில் மேலே ஏறுவதுதான் கடினம். ஆங்கிலத்தில், முதல் மொழித் தாள் எழுத்தாளரின் சொல்லாட்சியை ஆராயச் சொல்லும் என்பதால், வீட்டில் படுக மொழி பேசுவதாகத் தாங்கள் குறிப்பிட்ட பிள்ளைக்கு, கேட்டலும் பேசுதலும் சேர்ந்த இரண்டாம் மொழித் தாளே பொருத்தம் என்பேன். சேர்க்கைக்கு முன், மாணவர்களை எந்த வகுப்பில் நிலைவாரியாகப் பிரிக்கிறார்கள் என்று பள்ளியில் கேளுங்கள்.