லண்டனுக்கு 9 மணி நேரமா, 11 மணி நேரமா?

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “அம்மா முதல் முறையாக லண்டனில் இருக்கும் தங்கையிடம் போகிறார். இணையத்தில் சென்னை–லண்டன் 8,230 கி.மீ., 9 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. டிக்கெட்டில் பார்த்தால் 11 மணி நேரம் வருகிறது. எதை நம்புவது? துபாய் வழியாகப் போனால் ரொம்பச் சுற்றா?”

டிக்கெட்டை நம்புங்கள். அந்த 9 மணி என்பது தூரத்தை 900 கி.மீ. வேகத்தால் வகுத்த கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது எதுவும் அதில் இல்லை.

8,230 கி.மீ. என்பதும் உருண்டை பூமியின் மேல் நூல் பிடித்து அளந்த குறுக்குவழிதான். தட்டையான வரைபடத்தில் கோடு போட்டால் ஈராக் பக்கம் போகும். நிஜமான குறுக்குவழியோ காஸ்பியன் கடல், உக்ரைன் என்று வடக்கே வளைகிறது. உக்ரைன் வானம் 2022 பிப்ரவரியிலிருந்து பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. அதனால் சுற்றித்தான் போக வேண்டும். போதாக்குறைக்கு எதிர்காற்று. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் ஜெட் காற்று லண்டன் போகும்போது முகத்தில் அடிக்கும், திரும்பும்போது முதுகில் தள்ளும். அம்மா திரும்பி வரும் பயணம் பெரும்பாலும் குறைவான நேரத்தில் முடியும்.

துபாய் வழி சுற்று என்று பலரும் நினைக்கிறார்கள். சென்னை–துபாய் சுமார் 2,930, துபாய்–லண்டன் சுமார் 5,500. கூட்டினால் நேர் தூரத்தைவிட 200 கி.மீ.தான் அதிகம்! நேரத்தைத் தின்பது அங்கே அடுத்த விமானத்துக்காக உட்கார்ந்திருப்பது. தனியாகப் போகும் அம்மாவுக்கு என்றால், கொஞ்சம் விலை கூடினாலும் நேர் விமானத்தைத்தான் சொல்வேன்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். காலை 5:30க்குக் கிளம்பி லண்டனில் பகல் 12க்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஆறரை மணி நேரம்தான் என்று தோன்றும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை லண்டன் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். அப்படியானால் இறங்கும்போது இங்கே மாலை 4:30, பயணம் 11 மணி நேரம். மற்ற மாதங்களில் ஐந்தரை மணி வித்தியாசம். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர் என்றால் இந்தக் கணக்கை மருத்துவரிடம் காட்டி வேளைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து கைப்பையிலேயே இருக்கட்டும்.

அப்புறம் வீட்டிலிருந்து மீனம்பாக்கம். 5:30 விமானத்துக்கு 2:30க்கே அங்கே இருக்க வேண்டும். பகலில் என்றால் விம்கோ நகர் மெட்ரோ நேராக விமான நிலையத்துக்கே போகும். ஆனால் இரவு 11 மணியோடு அது முடிந்துவிடும், காலை 5க்குத்தான் மறுபடி. டாக்சிதான் வழி. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ராத்திரியில் எப்படி நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். எண்ணூர் விரைவுச் சாலையைத் தவிர்த்து, 12:30க்கே கிளம்பிவிடுங்கள்.