பையன் கோச் ஆகணுமாம்: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

மாநில அணித் தேர்வில் பையன் தேறவில்லை, இனி ஃபுட்பாலில் அவனுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பி.காமைப் பாதியில் விட்டுவிட்டு கோச் ஆகப்போகிறேன், வெளிநாடு போவேன் என்று அவன் நிற்பதையும் எழுதியிருக்கிறீர்கள். பி.காமை முடிக்கட்டும், அதில் பேச்சே இல்லை. காரணம் பிறகு சொல்கிறேன். ஆனால் அணியில் இடம் கிடைக்காததாலேயே கோச் வேலைக்கும் லாயக்கில்லை என்று நீங்கள் முடிவு கட்டுவதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

ராய் ஹாட்ஜ்சன் என்ற பெயர் பையனுக்குத் தெரிந்திருக்கும். 2012 முதல் 2016 வரை இங்கிலாந்து அணியின் மேனேஜர், அதாவது தலைமைக் கோச். 1947இல் கிராய்டனில் பிறந்தவர். லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் கிளப்பின் இளையோர் அணியில் இருந்தார், ஆனால் சீனியர் அணியில் ஒரு ஆட்டம்கூட ஆடக் கிடைக்கவில்லை. பிறகு பெரிய லீகுக்கு வெளியே சின்னச் சின்ன கிளப்புகள், கூடவே பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர் வேலை. ஆட்டக்காரராக அவ்வளவுதான். ஆனால் இருபதுகளிலேயே இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் கோச்சிங் சான்றிதழை வாங்கிவைத்துவிட்டார்.

1976இல் ஸ்வீடனின் ஹால்ம்ஸ்டாட் கிளப் அவரைக் கோச்சாக எடுத்தது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்த வேலை விளம்பரம் பார்த்து வந்ததல்ல. பள்ளித் தோழர் பாப் ஹௌட்டன் 1974இலேயே ஸ்வீடனின் மால்மோ கிளப்புக்குப் போய் ஜெயித்துக் காட்டியிருந்தார். அவர் சிபாரிசில் வந்தது. சிபாரிசு என்றதும் முகம் சுளிக்காதீர்கள், இந்தத் தொழிலில் வேலை பெரும்பாலும் அப்படித்தான் நகர்கிறது. முந்தைய வருஷம் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் மயிரிழையில் தப்பிய அணி ஹால்ம்ஸ்டாட். ஹாட்ஜ்சன் வந்த முதல் வருஷமே லீக் பட்டம், 1979இல் மறுபடியும்.

அங்கே என்ன செய்தார் என்பதைப் பையனை உட்காரவைத்துப் பேசுங்கள். எதிரணி ஆளை ஆளோடு ஒட்டிக் காவல் காப்பதுதான் அன்று ஸ்வீடனில் வழக்கம். இவர் இடத்தைக் காக்கச் சொன்னார். பந்து வலப்பக்கம் போனால் மொத்த அணியும் எவ்வளவு நகர வேண்டும், இருவருக்கிடையே எவ்வளவு இடைவெளி இருக்கலாம், யார் முன்னேற யார் பின்னால் நிற்பது என்று இதையே பயிற்சிக்குப் பயிற்சி திரும்பத் திரும்பச் செய்யவைத்தார். ஆடுகிறவனுக்கு அலுத்துப்போகும் சமாசாரம். இதை அலுக்காமல் சொல்லிக்கொடுக்கப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை உங்கள் பையனிடம் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி, எத்தனை கோல் போட்டான் என்பதல்ல.

சறுக்கலும் உண்டு. 1982இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் சிட்டி கிளப்பில் பொறுப்பேற்றபோது கிளப்பே திவாலாகும் நிலையில் இருந்தது. சில மாதத்தில் வேலை போனது. திரும்ப ஸ்வீடன், பிறகு சுவிட்சர்லாந்து. 1966க்குப் பிறகு உலகக் கோப்பையையே பார்க்காத சுவிஸ் அணியை 1994 போட்டிக்குக் கொண்டுபோனார். அடுத்து இத்தாலியின் இன்டர் மிலான். ஸ்வீடிஷ், இத்தாலியன் எல்லாம் போன இடத்தில் கற்றுக்கொண்டவை. தோழர் ஹௌட்டன் பின்னாளில் நம் இந்திய அணிக்கே கோச்சாக வந்தார். அவர் காலத்தில்தான் 2011 ஆசியக் கோப்பையில் ஆடினோம், 1984க்குப் பிறகு முதல்முறையாக.

இதையெல்லாம் கேட்டு உடனே பாஸ்போர்ட் எடுக்க வேண்டாம். அன்று ஒரு சான்றிதழும் ஒரு நண்பரும் போதுமாயிருந்தது. இன்று ஐரோப்பாவின் முதல்நிலை லீகுகளில் யூஈஎஃப்ஏ (ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம்) தரும் உச்சநிலைச் சான்றான புரோ லைசென்ஸ் கேட்கிறார்கள். நம் பக்கம் தொடக்கநிலைப் படிப்பு, பிறகு ஏஎஃப்சி (ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு) தரும் சி, பி, ஏ, புரோ லைசென்ஸ் என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். படிக்குப் படி நடுவே களத்தில் வேலை பார்த்த அனுபவமும் கேட்பார்கள். வருஷக் கணக்கு ஆகும்.

பி.காம் இங்கேதான் உதவுகிறது. எந்தப் பட்டம் இருந்தாலும், ஆடிய சான்றிதழும் தேவையான மதிப்பெண்ணும் இருந்தால் பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டப்படிப்பில் சேரலாம். பள்ளியில் பி.டி. மாஸ்டர் வேலைக்கு அது வழி. மாவட்ட அளவில், கல்லூரிகளுக்கிடையே ஆடிய சான்றிதழ்கள் வீட்டில் எங்கே கிடந்தாலும் எடுத்து ஒரு ஃபைலில் போடுங்கள். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் கோச்சிங் டிப்ளமோவையும் அவன் விசாரிக்கட்டும்.

இப்போதைக்கு, பக்கத்து அகாடமியில் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு உதவி கோச்சாக மாலையில் போகட்டும். சம்பளம் சொற்பமாக இருக்கும், சில மாதம் தாமதமாகவும் வரும். ஆறு மாதம் கழித்தும் பயிற்சிக்கு வைக்கும் பிளாஸ்டிக் கோன்களை அடுக்கவும், அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்தவும் அலுப்பில்லாமல் போகிறானா என்று பாருங்கள். போனால் அந்தத் தொடக்கநிலைப் படிப்புக்குப் பணம் கட்டுங்கள்.

வெளிநாட்டில் கோச் வேலை வாங்கித் தருகிறேன், முன்பணம் கட்டுங்கள் என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கிளப்பின் பெயர், வேலை ஒப்பந்தம், விசா வகை மூன்றையும் எழுத்தில் வாங்கி எனக்கு அனுப்புங்கள்.