பாட்டுக்கான அனுமதியும் அலைவரிசைக்கான அனுமதியும் ஒன்றல்ல

கேள்வி: எங்கள் கல்லூரி சில ஆண்டுகளாகச் சமுதாய வானொலி நிலையம் ஒன்றை நடத்தி வருகிறது. அதே நிகழ்ச்சிகளை இணையத்திலும் நேரலையாக ஒலிபரப்ப விரும்புகிறோம். அமைச்சகத்தின் அனுமதி இருப்பதால் வேறெதுவும் தேவையில்லை என்கிறார்கள் சிலர். இணையத்துக்கு விதிமுறையே கிடையாது என்கிறார்கள் வேறு சிலர். எது சரி?

பதில்: இரண்டுமே சரியல்ல. உங்களிடம் இருப்பது வானலையைப் பயன்படுத்துவதற்கான அனுமதி. வானலைகள் பொதுச் சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கதிர்வீச்சுத் திறன் பொதுவாக 100 வாட்டுக்குள் இருக்க வேண்டும், நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரிலேயே தயாராக வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளோடுதான் அந்தச் சொத்தில் உங்களுக்கு ஒரு சிறு பங்கு தரப்பட்டிருக்கிறது. இணையத்தில் அலைவரிசை எதுவும் செலவாவதில்லை என்பதால் அத்தகைய உரிமம் அங்கே தேவைப்படாது. ஆனால் நீங்கள் ஒலிபரப்பும் பாட்டு யாருடையது என்ற கேள்வி இரண்டு இடங்களிலும் எழுகிறது, இரண்டு இடங்களிலும் அதற்கு ஒரே விடையும் இல்லை.

பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 31டி பிரிவின்படி, ஏற்கெனவே வெளிவந்த பாடல்களை ஒலிபரப்ப விரும்பும் நிறுவனம் உரிமையாளரின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை; முன்னறிவிப்புக் கொடுத்து, நிர்ணயிக்கப்பட்ட உரிமைத்தொகையைச் செலுத்தினால் போதும். இந்தச் சலுகை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் மட்டுமே உரியது, இணைய ஒலிபரப்பை அது உள்ளடக்காது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2019-இல் கூறியது. 2022-இல் இரு நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. எனவே பண்பலையில் முறைப்படி ஒலிக்கும் அதே திரைப்பாடலை இணையத்தில் ஒலிக்கவிட, உரிமையாளரிடமோ அவர் சார்பில் உரிமம் வழங்கும் அமைப்பிடமோ தனியாக ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். பழைய பாட்டுதானே என்று எண்ணிவிடாதீர்கள். ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகளில் முடிந்துவிடும். பாடலாசிரியரின் உரிமையும் இசையமைப்பாளரின் உரிமையும் அவர்கள் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் தொடரும். இசைத்தட்டின் காலம் முடிந்திருக்கும், வரிகளின் காலம் முடிந்திருக்காது.

பலரும் கவனிக்காமல் விடுகிற நிபந்தனை ஒன்றும் அதே பிரிவில் இருக்கிறது. பாட்டை ஒலிபரப்பும்போது அதை ஆக்கியவர்களின் பெயர்களையும் முதன்மைக் கலைஞர்களின் பெயர்களையும் அறிவிக்க வேண்டும். படத்தின் பெயரையும் நடிகரின் பெயரையும் சொல்லிவிட்டுப் பாட்டுக்குப் போய்விடுகிற வழக்கம் இதற்குப் பொருந்தாது. எழுதியவர் பெயரையும் இசையமைத்தவர் பெயரையும் பாடியவர் பெயரையும் சொல்ல சில விநாடிகளே ஆகும். சட்டத்துக்காக மட்டுமல்லாமல், அந்தக் கலைஞர்களுக்குரிய மரியாதையாகவும் அதைச் செய்யுங்கள்.

இணையத்துக்கு நான் முதலில் பரிந்துரைப்பது உங்கள் நிலையமே பதிவு செய்யும் நிகழ்ச்சிகளைத்தான். ஒரு மூதாட்டி பாடும் நடவுப் பாட்டைப் பதிவு செய்தால், அது பண்பலைக்கும் இணையத்துக்கும் சேர்த்தே என்று அவருக்கு விளங்கும்படி சொல்லி எழுத்துப்பூர்வமான சம்மதம் பெறுங்கள். பாடுபவருக்கும் சட்டம் தனி உரிமை தருகிறது. திரைப்பாடல் வரும் நேரத்தில் இணைய ஒலிபரப்பை நிறுத்தி வேறு நிகழ்ச்சியைச் சேர்ப்பது கூடுதல் வேலைதான். ஆயினும் உரிமம் கைக்கு வரும்வரை அதுவே பாதுகாப்பான வழி.

செய்தியைப் பொறுத்தவரை, சமுதாய வானொலி ஆகாசவாணியின் செய்தியை மட்டுமே, அப்படியே அல்லது உள்ளூர் மொழியில் பெயர்த்து ஒலிபரப்பலாம். வானிலை, தேர்வு முடிவுகள், வேலைவாய்ப்பு, குடிநீர் மற்றும் மின்தடை அறிவிப்புகள் போன்றவை செய்தியாகக் கருதப்படுவதில்லை. இணையத்துக்கென்று சொந்தமாகச் செய்தி தயாரிக்கத் தொடங்கினால் 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் குறுக்கிடும். அவற்றில் சில பகுதிகளை அதே ஆண்டு ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலமாக நிறுத்தி வைத்தது என்றாலும், புகார்களைக் கவனிக்க ஒரு பொறுப்பாளரை அமர்த்திவிடுவது நல்லது.

ஒலிபரப்பிய அனைத்தையும் மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும் என்பதும் உங்கள் அனுமதியின் நிபந்தனை. இணைய ஒலிபரப்பின் பதிவையும் அதனுடன் சேர்த்தே வையுங்கள். புகார் வந்தால் அதுவே உங்கள் சாட்சி.

கேள்வி: தொலைக்காட்சியில் ஆட்சேபத்துக்குரிய நிகழ்ச்சி ஒன்றைப் பார்த்தேன். எங்கே புகார் செய்வது?

பதில்: முதலில் அந்தச் சேனலுக்கே எழுத வேண்டும். 2021 ஜூனில் திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சி விதிகளின்படி, புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு 15 நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். அது திருப்தி தராவிட்டால், அந்தச் சேனல் உறுப்பினராக உள்ள சுயகட்டுப்பாட்டு அமைப்பிடம் அடுத்த 15 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே மத்திய அரசின் மேற்பார்வை அமைப்பு இருக்கிறது. சேனலின் பெயர், தேதி, ஒளிபரப்பான நேரம், ஆட்சேபத்துக்குரிய காட்சி அல்லது பேச்சு ஆகியவற்றைத் தவறாமல் குறிப்பிடுங்கள். சேனல்கள் தங்கள் ஒளிபரப்பின் பதிவை 90 நாட்கள்தான் வைத்திருக்கக் கடமைப்பட்டவை என்பதால், எழுதுவதை நாளைக்கென்று தள்ளிப் போடாதீர்கள்.