பச்சை ஒளி வந்தால் மருந்து ஒட்டிவிட்டதா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் படிக்கிறேன். மஞ்சளில் உள்ள குர்குமின் ரத்தத்து ஆல்புமின் புரதத்தோடு ஒட்டுகிறதா என்பது ப்ராஜெக்ட். இரண்டையும் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் உப்புக் கரைசலில்) கலந்து காயவைத்து அனுப்பினால், நான்லீனியர் லேசர் சோதனை செய்து ஒரே நாளில் ரிப்போர்ட் தருவதாக ஒரு ப்ராஜெக்ட் சென்டர் 18,000 ரூபாய் கேட்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள்.

அவர்கள் செய்யப்போவது படிகம் வளர்ப்பவர்களின் பொடிச் சோதனை. கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் லேசரைப் பொடிமேல் அடிப்பார்கள். சரிபாதியான 532-இல் பச்சை மின்னினால் 'பாசிட்டிவ்' என்று எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சோதனையில் ஒப்பிட வைக்கும் பொடி எது தெரியுமா? பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட். உங்கள் லேபில் பாஸ்பேட் பஃபர் கலக்க எடுக்கும் அதே வெள்ளை உப்பு! புரதம் எதையும் பிடிக்காவிட்டாலும், காய்ந்து படிகமான உப்பே பச்சை காட்டலாம். வெறும் பஃபரைக் காயவைத்து அதே லேசரில் காட்டச் சொல்லுங்கள். என்னிடம் வந்த இப்படிப்பட்ட ரிப்போர்ட் எதிலும் அந்த ஒப்பீடு இல்லை.

கரைசலாகவே வைத்தால் அந்த ஒளி ஏறக்குறைய வரவே வராது. திருவாரூர் ஆழித்தேரை ஆளுக்கொரு திசையில் இழுத்தால் நகருமா? கரைசலில் மூலக்கூறுகள் அப்படித்தான் கிடக்கின்றன. ஒன்றின் அலையை மற்றொன்று அழித்துவிடும். வடம் பிடித்தாற்போல் எல்லாம் ஒரே முகமாக நிற்பது படிகத்திலோ, கண்ணாடி போன்ற ஒரு பரப்பின்மேலோதான். அதனால் இதை முறையாகச் செய்பவர்கள் புரதத்தில் தனிச் சாயம் ஒன்றை இணைத்து, கண்ணாடிமேல் படிந்த கொழுப்புப் படலத்தில் நிறுத்துவார்கள். மருந்து ஒட்டியதும் புரதத்தின் வடிவம் சற்றே மாறும், சாயத்தின் சாய்வு மாறும், ஒளி கூடும் அல்லது குறையும். அந்த மாற்றம்தான் சான்று. பச்சை தெரிந்தது சான்றே அல்ல. இதற்கு மிகமிகக் குறுகிய துடிப்புகளாக ஒளி விடும் ஃபெம்டோசெகண்ட் லேசரும் மாதக்கணக்கில் பொறுமையும் வேண்டும்.

ஒளிச்சிதறலுக்காக 1930-இல் நோபல் வாங்கிய சி.வி. ராமன் பிறந்தது திருச்சியில். அந்தக் காவிரிக்கரைப் பிள்ளைகளிடம் ஆறு மாதத்தில் 'புதுமை' கேட்கிறார்கள். கல்லூரிக்கு ஒரு நல்ல ஃப்ளூரிமீட்டர் (பொருள் ஒளிர்வதை அளக்கும் கருவி) வாங்கித்தர மட்டும் யாருக்கும் மனசு வருவதில்லை. சென்டர்காரர்கள் பிழைப்பதே இதனால்தான்.

உங்கள் கேள்விக்கு ஃப்ளூரிமீட்டரே போதும். கைடிடம் கடிதம் வாங்கிக்கொண்டு தஞ்சாவூர், திருச்சிப் பல்கலைக்கழகங்களில் கேளுங்கள். 425 நானோமீட்டர் ஒளியில் குர்குமின் தண்ணீரில் மங்கலாகவே ஒளிரும். ஆல்புமினின் குழிக்குள் போனதும் பளிச்சிடும், நிறம் நீலப்பக்கம் நகரும். ஆல்புமினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வரைபடம் போடுங்கள். பஃபரில் குர்குமின் நிமிடங்களிலேயே சிதையத் தொடங்கும். குர்குமின் ஸ்டாக்கை (அடர்ந்த மூலக் கரைசலை) எத்தனாலில் வைத்து, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலந்து உடனே அளவெடுங்கள்.