கிரீட் தீவுக்குப் போகக் கடன் வாங்கலாமா?

கேள்வி: திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். வயது 54. கணவருக்கு 57, மில்லில் கணக்குப் பிரிவில் இருக்கிறார், இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வருவது மாதம் 1.35 லட்சம். வீட்டுக்கடன் முடிந்துவிட்டது, மகள் வேலைக்குப் போய்விட்டாள். ஓய்வுக்கால எஃப்டி 8 லட்சம் இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 15,000 ரூபாய் எஸ்ஐபி போகிறது. ஜனவரியில் ஒரு சீட்டு முதிர்ந்து 1.5 லட்சம் வரும். இருபத்தைந்து வருடமாக, கிரீஸின் கிரீட் தீவில் இருக்கும் பழங்கால நோசஸ் அரண்மனையைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன், ஒரு முறையாவது அந்தத் தீவை நேரில் பார்க்க வேண்டும். 2027 மே விடுமுறைக்கு ஒரு டூர் கம்பெனி இருவருக்கும் 6.8 லட்சம் கேட்கிறது. ஒன்பது இரவு, அதில் கிரீட்டில் இரண்டு. 5 லட்சம் கடன் 14 சதவீத வட்டியில் தருகிறேன் என்கிறது வங்கி. வாங்கலாமா, எஸ்ஐபியை நிறுத்தலாமா, எஃப்டியை உடைக்கலாமா?

பதில்: டீச்சர், போய் வாருங்கள். கடன் வேண்டாம், எஃப்டியைத் தொட வேண்டாம், எஸ்ஐபியும் ஓடட்டும். இன்னும் ஒரு வருடம் கையில் இருப்பதால் இது மூன்றும் இல்லாமலே முடியும்.

முதலில் அந்தக் கடனைப் பார்ப்போம். 5 லட்சம், 14 சதவீதம், மூன்று வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 17,090 ரூபாய். கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 1.15 லட்சம் போயிருக்கும். அதைவிட எனக்கு உறுத்துவது காலம்தான். உங்கள் கணவர் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறுகிறார். கடைசி வருடத் தவணை முழுக்க உங்கள் ஒரு சம்பளத்தின் மேல் வந்து உட்காரும். இன்னொன்றும் உண்டு. ஷெங்கன் விசாவுக்கு, அதாவது கிரீஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசாவுக்கு, கடந்த சில மாத வங்கிக் கணக்கு விவரம் கொடுக்க வேண்டும். மாதாமாதம் சம்பளம் வந்து சேமிப்பு வளர்ந்த கணக்குக்கும், விண்ணப்பிப்பதற்கு முந்தைய வாரம் திடீரென்று 5 லட்சம் விழுந்த கணக்குக்கும் பார்ப்பவர் கண்ணில் நிறைய வித்தியாசம்.

அடுத்து அந்தப் பேக்கேஜ். ஒன்பது இரவில் கிரீட்டுக்கு இரண்டு என்றால், மீதியில் பெரும்பகுதி சாண்டோரினி மாதிரி இடங்களுக்குப் போகும் என்று நினைக்கிறேன். அவை அழகான ஊர்கள், கிரீஸிலேயே விலை கூடிய ஊர்களும் அவைதான். உங்கள் ஆசை அங்கே இல்லையே. அப்புறம், வெளிநாட்டுப் பேக்கேஜ் வாங்கினால் டிசிஎஸ், அதாவது விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி, பிடிப்பார்கள். 2026 பட்ஜெட்டில் இதை 2 சதவீதமாகக் குறைத்தார்கள். அப்படியென்றால் 6.8 லட்சத்துக்கு 13,600 ரூபாய். இது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும், ஆனால் அதுவரை உங்கள் கையில் இருக்காது. விமான டிக்கெட்டைத் தனியாகவும் ஓட்டலைத் தனியாகவும் நீங்களே பதிவு செய்தால் அது பேக்கேஜ் கணக்கில் வராது.

சரி, நீங்களே திட்டமிட்டால் எவ்வளவு ஆகும்? யூரோவை 110 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். விமானத்துக்கு ஆளுக்கு 65,000 என்று 1.3 லட்சம். விசாக் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. அதோடு விசா மையத்தின் சேவைக் கட்டணம், மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்த்து 30,000. ஏதென்ஸிலிருந்து கிரீட்டுக்கு இரவுக் கப்பல் போக வர, இருவருக்கும் கேபினோடு, 35,000. ஒன்பது இரவு ஓட்டல், இரவுக்கு 80 யூரோ. அதன் மேல் கிரீஸ் அரசு அறைக்கு அறை ஒரு வரி வாங்குகிறது, ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மூன்று நட்சத்திர ஓட்டலில் இரவுக்கு 5 யூரோ. இது பெரும்பாலும் பதிவுத் தொகையில் சேராது, ஓட்டலில்தான் கேட்பார்கள். இரண்டும் சேர்த்து 84,000. சாப்பாட்டுக்கு நாளுக்கு 60 யூரோ வீதம் 73,000. பஸ், நுழைவுச் சீட்டு என்று 38,000. மொத்தம் 3.9 லட்சம். எதிர்பாராததற்குப் பதினைந்து சதவீதம் சேர்த்தால் 4.5 லட்சம். இவை என் ஒதுக்கீடுகள்தான். விமானக் கட்டணம் ஏறினால் ஓட்டலில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாம்.

சீட்டுப் பணம் 1.5 லட்சம் போக 3 லட்சம் வேண்டும். பன்னிரண்டு மாதம், மாதம் 25,000. வங்கியில் மாதாமாதம் கட்டும் ஒரு ஆர்டி போதும். ஒரு வருடத்தில் எடுக்க வேண்டிய பணத்தைப் பங்குச் சந்தைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வீட்டுக்கடன் முடிந்த வீட்டில் 25,000 ஒதுங்கும் என்றுதான் உங்கள் கணக்கு சொல்கிறது. ஒதுங்கவில்லையென்றால் பயணத்தை ஒரு வருடம் தள்ளுங்கள். அப்போதும் கடன் வேண்டாம்.

தேதிதான் இந்தத் திட்டத்தில் அதிகப் பணத்தை மிச்சப்படுத்தும். மே மாதம் கிரீட்டுக்கு அருமையான நேரம்: காட்டுப்பூ இருக்கும், ஜூலை, ஆகஸ்ட் வெயிலும் விலையும் இருக்காது. கடல் மட்டும் கொஞ்சம் குளிர்ந்திருக்கும். ஆனால் 2027-ல் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் மே 2 அன்று வருகிறது. நம் ஊரில் பொங்கலுக்குக் கோயம்பேட்டில் பார்ப்பீர்களே, அதே மாதிரி அந்த வாரம் ஏதென்ஸ்காரர்கள் கப்பல் ஏறித் தீவுகளுக்குப் போவார்கள். ஆகவே மே 8-க்குப் பிறகு புறப்படுங்கள். இன்னொரு பக்கம், நம் ஊர்க் கோடை விடுமுறையும் அதே நேரம் என்பதால் இங்கிருந்து விமானக் கட்டணமும் விசா அப்பாயின்ட்மென்ட் நெருக்கடியும் கூடும். விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். பிப்ரவரியில் முடித்துவிடுங்கள். பள்ளியிலிருந்து விடுப்புக் கடிதமும் தடையில்லாச் சான்றும் இப்போதே கேட்டு வையுங்கள். விசா கைக்கு வரும்வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய ஓட்டல்களை மட்டும் பதிவு செய்யுங்கள், பணம் திரும்பாத டிக்கெட் வாங்காதீர்கள். விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்ப வராது, அந்த நஷ்டம் அதோடு நிற்கட்டும்.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்க வேண்டும் என்பது விசா விதி. உங்கள் கணவருக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள், பிரீமியம் சில நூறு கூடினாலும்.

இனி வழி. சென்னையிலிருந்து துபாய் அல்லது தோஹா வழியாக ஏதென்ஸ். விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் துறைமுகத்துக்கு மெட்ரோ நேராகப் போகிறது, டாக்சி தேவையில்லை. அங்கே இரவு ஒன்பது, பத்து மணிவாக்கில் கப்பல் ஏறினால் விடிகாலையில் கிரீட்டின் ஹெராக்லியோன் நகரம். ஏதென்ஸிலிருந்து கிரீட்டுக்கு விமானம் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும், டிக்கெட்டும் சில நாள் மலிவாகக் கிடைக்கும். ஆனால் கேபின் எடுத்தால் ஒரு இரவு ஓட்டல் வாடகை மிச்சம், பெட்டிக்குத் தனிக் கட்டணமும் இல்லை. ஐம்பதைத் தாண்டியவர்கள் இருக்கையில் உட்கார்ந்தபடி போகாதீர்கள். அந்தச் சில யூரோவைச் சேமித்து அடுத்த நாளை இழக்க வேண்டாம்.

ஹெராக்லியோனில் மூன்று இரவு. பிறகு பஸ்ஸில் மேற்கே சுமார் 140 கிலோமீட்டர், ஹானியாவில் நான்கு இரவு. தீவில் ரயில் கிடையாது, பஸ் நன்றாக ஓடுகிறது. வாடகைக் கார் எடுத்தால் கிரெடிட் கார்டில் ஒரு பெருந்தொகையை டெபாசிட்டாக நிறுத்திவைப்பார்கள், சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். உங்களுக்கு அது அவசியமில்லை. திரும்புவதற்கு ஹெராக்லியோன் வர வேண்டாம், ஹானியா பக்கத்திலேயே சூடா துறைமுகம் இருக்கிறது. அங்கிருந்து இரவுக் கப்பலில் பிரேயஸ்.

ஏதென்ஸ் இரண்டு நாளைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. காற்று பலமாக இருந்தால் கிரீஸில் கப்பல் புறப்படத் தடை போட்டுவிடுவார்கள், வேலைநிறுத்தங்களும் வருவதுண்டு. கப்பலில் வந்து இறங்கிய அன்றே சென்னைக்கு விமானம் வைத்திருந்தால் ஒரு நாள் தாமதத்தில் 65,000 ரூபாய் டிக்கெட் போய்விடும். நடுவில் இரண்டு நாள் இருந்தால் ஏதென்ஸில் ஒரு நாள் குறையும், அவ்வளவுதான்.

யூரோவை எப்படி எடுத்துப்போவது? பல கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு. உங்கள் 2.3 லட்ச ரூபாய் யூரோச் செலவில் அது சுமார் 9,500. இந்தக் கட்டணம் இல்லாத கார்டோ, யூரோவிலேயே ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டோ வாங்குங்கள். டாலர் ஏற்றிய கார்டு வேண்டாம், இரண்டு முறை மாற்றும் செலவு வரும். பாதியை மார்ச்சில், மீதியைப் புறப்படும் வாரத்தில் ஏற்றினால் விலை எந்தப் பக்கம் போனாலும் முழு அடி விழாது. முந்நூறு யூரோ நோட்டாக இருக்கட்டும். கடையில் கார்டைத் தேய்க்கும்போது மெஷின் “ரூபாயிலா, யூரோவிலா” என்று கேட்டால் யூரோவை அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விலையை அந்த மெஷின்காரர் வைப்பார். என் மனைவி ஒரு அவசரத்தில் ரூபாயை அழுத்தி, மதியச் சாப்பாட்டுக்கு நானூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாள்.

ஹெராக்லியோனில் கப்பல் ஆறு மணிவாக்கில் சேரும். அறை மதியம்தான் கிடைக்கும், பெட்டியை ஓட்டலில் வைத்துவிட்டு 2-ஆம் எண் டவுன் பஸ்ஸில் ஏறுங்கள். நோசஸ் ஐந்து கிலோமீட்டர்தான். எட்டு மணிக்குத் திறக்கும்போது நுழைந்தால், சுற்றுலாப் பஸ்கள் வருவதற்குள் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் 1900-இல் தோண்ட ஆரம்பித்த அந்த அரண்மனையில் நிதானமாக நடக்கலாம். ஹெராக்லியோன் தொல்பொருள் மியூசியத்தை அதே நாளில் திணிக்காதீர்கள், மறுநாள் காலை முழுவதையும் அதற்குக் கொடுங்கள். கிரீட்டின் பழங்கால எழுத்தான லீனியர் ஏ பலகைகள் அங்கேதான் இருக்கின்றன. நம் சிந்துவெளி எழுத்தைப் போலவே இன்னும் யாரும் படித்து முடிக்காதவை.