பழைய மடிக்கணினியில் பிராசஸரை மாற்றலாமா? காரைக்குடியிலிருந்து சில பதில்கள்

தேவகோட்டை, கல்லூரி மாணவர்: ஐயா, என்னிடம் லெனோவோ திங்க்பேட் டி430 உள்ளது. அதிலுள்ள ஐ5-3320எம் பிராசஸரை எடுத்துவிட்டு ஐ7 போட முடியுமா?

முடியும், தம்பி. உங்கள் மாடலில் கணினியின் மூளையான பிராசஸர், மதர்போர்டு என்ற முதன்மைப் பலகையோடு பற்றவைக்கப்படாமல், கழற்றி மாட்டக்கூடிய சாக்கெட்டில் அமர்ந்திருக்கிறது. ஐ7-3632க்யூஎம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். இப்போதிருப்பதைப் போலவே அதற்கும் வெப்ப அளவு 35 வாட்தான் என்பதால், சூட்டை வெளியேற்ற இருக்கும் ஹீட்சிங்கே போதும். 45 வாட் பிராசஸர்களும் பொருந்தும் என்றாலும், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் எந்த வேலைக்காக மாற்றுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகளே கோர்கள். பழையதில் 2 கோர்கள், புதியதில் 4 கோர்கள். ஆகவே வீடியோ தொகுப்பது போன்ற வேலைகள் விரைவாக முடியும். ஒற்றைக் கோரின் உச்ச வேகமோ பழையதில் 3.3 கிகாஹெர்ட்ஸ், புதியதில் 3.2 மட்டுமே. கட்டுரை தட்டச்சு செய்யவும் இணையம் பார்க்கவும் மட்டும் என்றால் செலவழித்த பணத்துக்குப் பலன் தெரியாது.

பள்ளத்தூர், ஆச்சி ஒருவர்: சிங்கப்பூரிலிருக்கும் மகன் விட்டுச்சென்ற லேப்டாப்பில் ஐ5-5200யு என்று இருக்கிறது. திறக்கவே 5 நிமிடம் ஆகிறது. மாற்றலாமா?

மாற்ற இயலாது, ஆச்சி. இன்டெல்லின் 5ஆம் தலைமுறையிலிருந்து மடிக்கணினி பிராசஸர்கள் எல்லாம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டு வருகின்றன. ஆனால் திறக்கத் தாமதமாவது பெரும்பாலும் பழைய ஹார்டு டிஸ்க்கால்தான். அதை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போடச் சொல்லுங்கள். பிறகு மகனோடு பேச அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியதில்லை.

புதுவயல், அரிசி ஆலைக் கணக்காளர்: அண்ணே, மதியத்தில் மடிக்கணினி கொதித்துத் தானாக அணைந்துவிடுகிறது. வேகமான பிராசஸர் போட்டால் சரியாகுமா?

சரியாகாது. உமித்தூசி மின்விசிறிக்கு அருகிலுள்ள செப்புத் தகடுகளின் இடுக்கில் கம்பளம்போல் படிந்து காற்றை அடைத்துவிடும். ஆலைகளிலிருந்து என்னிடம் வரும் மடிக்கணினிகளில் இதைத்தான் மீண்டும் மீண்டும் காண்கிறேன். முதலில் அதைச் சுத்தம் செய்து, பிராசஸரின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றுங்கள்.

காரைக்குடி, கழனிவாசல்: நானே கழற்றி மாட்ட விரும்புகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

உங்களுடையது சாக்கெட் வகைதானா என்பதைச் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். பெயரின் கடைசி எழுத்தை மட்டும் நம்பாதீர்கள், ஏனெனில் ‘எம்’ என்று முடியும் சில பிராசஸர்கள் பற்றவைத்த வடிவிலும் வந்துள்ளன. பழைய பிராசஸர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கணினியைத் தொடக்கி வைக்கும் பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்துவிடுங்கள்.

பிறகு சார்ஜரையும் பேட்டரியையும் அகற்றுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் விழுந்த சிறு ஸ்க்ரூ அந்தப் பூ வேலைப்பாட்டுக்குள் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். கீழே வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களை ஒரே மூச்சில் கழற்றாமல், எதிரெதிர் மூலைகளாகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். காய்ந்து பொருக்காகிப்போன பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தெடுங்கள். சாக்கெட்டின் ஓரத்திலுள்ள பூட்டை அரைச் சுற்றுத் திருப்பினால் பழைய பிராசஸர் தானாகவே கையோடு வரும். புதியதின் முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு பொருத்தி வையுங்கள். அது தன் எடையிலேயே இறங்க வேண்டும், விரலால் அழுத்தவே கூடாது. நடுவில் பச்சரிசி அளவு பேஸ்ட் போதும்.

கானாடுகாத்தான்: 3ஆம் தலைமுறை ஐ7 போட்டால் விண்டோஸ் 11 கிடைக்குமா?

கிடைக்காது. இன்டெல்லில் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை முதல்தான் மைக்ரோசாஃப்ட் அதை முறையாக ஆதரிக்கிறது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால், இத்தகைய கணினிகளுக்கு விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸையே பரிந்துரைக்கிறேன்.

தேவகோட்டை மாணவர் மீண்டும்: ஐயா, மாட்டிவிட்டேன். விசிறி சுழல்கிறது, திரை வரவில்லை.

பதற்றப்படாதீர்கள். முதலில் ரேம் எனும் நினைவகத்தைக் கழற்றி மீண்டும் அழுத்திப் பொருத்திப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் பிராசஸரை எடுத்து, அடியிலுள்ள ஊசிகளைச் சாய்வான வெளிச்சத்தில் வரிசை வரிசையாகப் பாருங்கள். ஒன்று மட்டும் சாய்ந்திருந்தால், குச்சி நீக்கிய மெக்கானிக்கல் பென்சிலின் நுனியை அதன்மேல் செருகி மெல்ல மெல்ல நிமிர்த்துங்கள். கை நடுங்கினால் விட்டுவிட்டு, காலை வெளிச்சத்தில் என்னிடம் கொண்டு வாருங்கள்.